பதினெட்டு

பள்ளத்தூர் வீட்டில் சுவரெல்லாம் இரண்டு முழத் தடிமன்.
அறைக்குள் செல்போன் வெறும் டார்ச் லைட்.
இரண்டு கோடு சிக்னல் கிடைப்பது
வளவு முற்றத்தின் ஈசான மூலையில் மட்டும்,
அதுவும் வானம் பார்த்து நின்றால்.
மாதக் கடைசி ஞாயிறு மூன்றரை மணிக்கு
பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

காரைக்குடியில் வேதியியல் இளங்கலை,
எழுபத்தொன்பதில் சேர்ந்த முப்பத்தொரு பேர்.
வருகைப் பதிவேட்டு வரிசைப்படி
ஒன்று இரண்டைக் கூப்பிட வேண்டும்,
இரண்டு மூன்றை.
கடைசி எண் திரும்ப ஒன்றைக் கூப்பிட்டுவிட்டால்
அந்த மாதம் எல்லாரும் இருக்கிறோம்.
(ஒன்பதாம் எண் போய்ச் சேர்ந்ததே
நாலு மாசம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில்
ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்தான் தெரியவந்தது.
அதற்குப் பிறகு அடைக்கலம் செய்த ஏற்பாடு இது.)

நான் பத்தொன்பது.
என்னைக் கூப்பிடுவது ரெஜினாள்.
தேவகோட்டையில் தலைமையாசிரியையாய் ஓய்வுபெற்ற பின்னும்
யார் வீட்டுப் பிள்ளைக்கோ தாள் திருத்திக்கொண்டேதான் பேசுவாள்,
பேனா கிறீச்சிடுவது இங்கே கேட்கும்.
மூன்று நிமிடம் என்பது விதி.
எங்களுக்கு முக்கால் மணி நேரம்.
முருங்கைக்காய் விலை, என் முழங்கால்,
மருமகன் வாங்கிய கார், அதன் நிறம்.
புரட்டாசியில் பேசியபோது
"சரி வை, பால் பொங்குது" என்றாள்.
அடுத்த புதன்கிழமை, பேங்க் வரிசையில் நின்றபடியே.
இதைவிட நல்லதாய் ஒரு வாக்கியம்
விட்டுப் போயிருக்கலாம், தலைமையாசிரியை.

ஐப்பசி ஞாயிறு. விடிந்ததிலிருந்து அடைமழை.
நாலு பக்கத்து ஓடும் முற்றத்துக்குள் கொட்டுகிறது.
குடை பிடித்து மூலையில் நிற்கிறேன்
கெண்டைக்கால் நனைய.
வரிசைப்படி இனி எனக்குப் பதினேழு.

பதினேழு ராக்கப்பன்.
கோட்டையூர், டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம்.
நாற்பத்துமூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.

இரண்டாம் வருஷம் நான் மேட்னி போன ஒரு வியாழன்,
ரெஜினாள் மூக்கைச் சுருக்கி என் குரலில்
"பிரசன்ட் சார்" சொல்ல,
எழுந்து நின்றான் அவன்:
"சார், பத்தொன்பது வரலை."
அப்பச்சி முதல்வர் அறை வாசலில்
ஒரு மணி நேரம் நின்றார்.
வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.
என்னைத் திட்டியிருந்தால்
ராக்கப்பனை எப்போதோ மன்னித்திருப்பேன்.

நாலு பத்து. நாலு இருபது.
மணி அடித்தது, எடுத்தேன்.
அந்தப் பக்கமும் மழை. ஒரு செருமல்.
"உங்க முழங்கால் இப்ப எப்படியிருக்கு?"

ரெஜினாளைத் தவிர
யாரிடமும் சொன்னதில்லை முழங்காலை.
"உங்களுக்குச் சர்க்கரை எரநூத்தி நாப்பதாமே"
என்றது என் வாய்தான்.
"கொறஞ்சிருக்கு."
மழை.
பிறகு அவர், கட்டைக் குரலில்,
பதிவேட்டைப் பார்த்து வாசிப்பவர் மாதிரி:
"பதினெட்டு?"

குடை ஒரு பக்கம் சாய்ந்தது.
மூக்கைச் சுருக்கிக்கொண்டேன்.
அவளுக்கு என் குரல் வந்த அளவு
எனக்கு அவள் குரல் வந்ததேயில்லை,
அன்றைக்கும் வரவில்லை.
"பிரசன்ட் சார்."

வெகுநேரம் ஒன்றுமில்லை.
நாற்காலி நகரும் சத்தம்.
எழுந்து நிற்கிறாரோ என்று பயந்துபோனேன்.
"ம்" என்றார்.
"பத்தொன்பது?"

இருபதை நான் கூப்பிட்டபோது மணி ஐந்தடிக்கப் போகிறது.
சிக்கந்தருக்கு இரண்டு காதிலும் மிஷின்.
"என்ன சிகப்பி, இம்புட்டு லேட்டு?
நீயும் போயிட்டியோன்னு நெனச்சேன்."
"மழை" என்றேன்.
"ஆங்?"
"மழைய்யா, மழை!"
எட்டுப் பங்காளி வீட்டுக் கதவும் அதிரக் கத்தினேன்.